மூன்று தரம் கழுவிய பிளாஸ்டர்

பயிற்சியின் கடைசி வருஷத்தில் எனக்கு ஒரு வியாதி பிடித்தது. யாரைப் பார்த்தாலும் இடுப்புதான் தெரிந்தது. கலியாண வீட்டுக்குப் போனால் பெண்ணின் முகத்தைப் பார்க்க மாட்டேன். மேடையில் ஏறும்போது எந்தக் கால் முதலில் போகிறது, உடம்பு எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். கல்முனை பஸாரில் பின்னேரம் காரை நிறுத்திவிட்டு, வாங்க வந்த சாமானை மறந்து, நடந்து போகும் பிள்ளைகளையே பார்த்தபடி இருப்பேன். ரொட்டிக்கு மாப் பிசையும்போது உருண்டை கைக்குள் ஒரு பக்கமாக நழுவினால் நெஞ்சு திக்கென்றது. உம்மா ஒருநாள் இதைக் கவனித்துவிட்டு, "படிச்சுப் படிச்சு உனக்கு மண்ட கழண்டுட்டுது மகள்" என்றார்.

அவர் சொன்னதில் பெரிய பிழையில்லை. பிள்ளைகளின் எலும்பைத் திருத்தப் படிப்பது பாதிக் கனவில் நடப்பது மாதிரி. வளர்ந்தவரின் எலும்பு எக்ஸ்ரேயில் வெள்ளை வெளேரென்று தன்னைக் காட்டிவிடும். பிள்ளையின் எலும்பு பாதி எலும்பு, பாதி குருத்து. குருத்து எக்ஸ்ரேயில் விழாது. அங்கே ஒரு வெற்றிடம்தான் தெரியும். அந்த வெற்றிடத்துக்குள் ஒரு பந்தும் ஒரு குழியும் இருக்கின்றன என்று நம்பி, அது இன்னும் பத்து வருஷத்தில் எப்படி வளரும் என்று மனதில் கண்டு, அதன்படி கத்தியை வைக்க வேண்டும். நான் அந்த வெற்றிடங்களைப் பார்த்தே இரண்டு வருஷம் கழித்தேன். கண்ணை மூடினாலும் அவைதான் வந்து நின்றன.

முதலில் பெரியவர்களின் எலும்பு படித்தேன். பிறகு கொழும்பில் ஒரு வருஷம் பிள்ளைகளின் எலும்பு. அதற்குப் பிறகு பகலிலும் விளக்குப் போட்டு வைத்திருக்கும் ஒரு குளிர்நாட்டில் ஒரு வருஷம். அங்கே ஒருநாள் தேநீர் நேரத்தில் வாட்டின் தலைமைத் தாதி என்னிடம் மிகவும் பணிவாகக் கேட்டாள்: முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகளைப் பார்க்கும்போது நாங்கள் விசேஷமாகக் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா? எனக்குச் சுள்ளென்று வந்தது. "எங்கட பிள்ளைகளுக்கும் ரெண்டு இடுப்புத்தான்" என்ற அர்த்தத்தில் ஏதோ சொன்னேன். மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். நல்ல பதில் சொல்லிவிட்டேன் என்று நெடுநாள் எனக்குள் ஒரு பெருமை இருந்தது.

கடைசிக் கட்டத்துக்கு எங்கள் கரையோரத்து ஆஸ்பத்திரி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். கொழும்பிலிருந்து என் ஆசிரியர் மாதம் ஒரு தடவை வருவார். பெரிய சத்திரசிகிச்சைகளை அந்த நாட்களுக்குத் தள்ளி வைப்போம். நான் செய்வேன், அவர் எதிர்ப்பக்கம் நிற்பார். எனக்கு ஒப்பமிட வேண்டியவர் அவர்தான். மெலிந்த, அதிகம் பேசாத சிங்களவர். தமிழில் அவருக்குத் தெரிந்தது மூன்று சொற்கள்: நோவு, இல்லை, சாப்பிட்டீங்களா. அந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு கிளினிக்கையே நடத்திவிடுவார்.

அந்தத் தாய் வந்தது வேளாண்மை வெட்டு முடிந்திருந்த ஒரு காலை. வெளியே காற்றில் வைக்கோல் தூசி பறந்துகொண்டிருந்தது. கல்முனைக்குடிப் பெண், இருபத்திரண்டு வயதிருக்கும். இடுப்பில் ஒன்றரை வயது மகள். வீட்டில் தையல் மெஷின் வைத்து உடுப்புத் தைப்பவள். உட்காரும் முன்பே பிள்ளையின் சட்டையைத்தான் எனக்குக் காட்டினாள்.

"ரெண்டு தரம் பிரிச்சுத் தைச்சிட்டன் டொக்டர். ஒரு பக்கம் எறங்கித்தான் நிக்கிது. அளவுல பிழையாக்கும் எண்டு வெட்டியும் பாத்தன். மறுகாத்தான் யோசிச்சன், சட்டையில பிழையில்ல, புள்ளயிலதான் எண்டு."

பிள்ளையை நடக்க விட்டாள். அது என் மேசையை நோக்கி நாலு எட்டு வைத்தது. ஒவ்வொரு முறை இடக்கால் ஊன்றும்போதும் சின்ன உடம்பு அந்தப் பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. அலையில் நிற்கும் தோணி மாதிரி, அழகாகத்தான் இருந்தது. எனக்கு எக்ஸ்ரே தேவைப்படவில்லை. ஆனாலும் எடுத்தோம். இடது தொடையெலும்பின் தலை குழிக்குள் இல்லை. பிறந்ததிலிருந்தே வெளியே, மேலே, ஒரு பக்கமாக, தன்பாட்டில் வளர்ந்துகொண்டிருந்தது. நோவு இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை.

"இதச் செய்யாம விட்டா?" என்று தாய் கேட்டாள்.

"இப்ப நொண்டும். இருவது, இருவத்தஞ்சு வயசில நோவத் தொடங்கும். புள்ளப்பேறு, வீட்டு வேல எல்லாம் கஷ்டமாப் போகும்" என்றேன்.

அவள் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "அப்ப செய்யுங்க" என்றாள்.

அதுதான் நான் முதல் கத்தியிலிருந்து கடைசித் தையல்வரை என் கையால் செய்த முதல் இடுப்பு. எத்தனையோ தரம் பக்கத்தில் நின்று இழுத்துப் பிடித்திருக்கிறேன். எதிர்ப்பக்கம் நின்று பார்த்திருக்கிறேன். அன்று கத்தி வைக்கும் பக்கம் நான் நின்றேன். ஆசிரியர் எதிரே, கைகளை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார். சத்திரசிகிச்சைக் கூடத்துக் குளிரில், பச்சைத் துணிகளுக்கு நடுவே, உள்ளங்கை அளவு தோல் மட்டும் வெளிச்சத்தில் இருந்தது. நேரம் என்று ஒன்று இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. குழியை அடைத்திருந்த கொழுப்பையும் நாரையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். அடியில் குழி தெரிந்தது. வெள்ளையாக, வழுவழுவென்று, ஒருவரும் உட்காராத இடமாக. எலும்பின் தலையை மெல்ல இறக்கினேன். அது உள்ளே போனது காதில் கேட்கவில்லை, விரலில் கேட்டது. ஆசிரியர் தலையை ஒருதரம் ஆட்டினார். எனக்கு அழுகை வந்தது. முகமூடி இருந்தது நல்லதாகப் போயிற்று.

ஆனால் உள்ளே வைப்பது பாதி வேலை. அதை அங்கேயே இருக்க வைப்பது மிச்சப் பாதி. அதற்குத்தான் பிளாஸ்டர். நெஞ்சுக்குக் கீழிருந்து தொடங்கி, இடக்காலில் கணுக்கால்வரை, வலக்காலில் முழங்கால்வரை, இரண்டு தொடையையும் அகல விரித்து மடித்த நிலையில் சுற்றி இறுக்குவோம். நடுவில் மலசலத்துக்கு ஒரு திறப்பு. பன்னிரண்டு கிழமை அப்படியே. அந்த விரிந்த நிலை கொஞ்சம் குலைந்தாலும் பந்து நழுவி வெளியே வந்துவிடும். நானும் தாதியும் நனைந்த பட்டிகளைச் சுற்றச் சுற்ற, ஆசிரியர் பிள்ளையின் முழங்கால்களைப் பிடித்தபடி, பிளாஸ்டர் சூடேறி ஆறும்வரை அசையாமல் நின்றார். கூடம் முழுக்க ஈரச் சுண்ணாம்பு மணம். இப்போதும் புதுச் சுவர் பூசிய வீட்டுக்குள் போனால் அந்தப் பிள்ளையின் முழங்கால்தான் எனக்கு ஞாபகம் வரும்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாள் கொடுத்தேன். நானே எழுதியது. குளிர்நாட்டில் கொடுக்கும் தாளைப் பார்த்து, எங்கள் தாய்மாருக்கு விளங்கும் தமிழில் பன்னிரண்டு வரி. நனைக்க வேண்டாம். உள்ளே குச்சி விட்டுச் சொறிய வேண்டாம். விரல் நுனி நீலமானால் உடனே வாருங்கள். சின்ன நெப்பியைத் திறப்புக்குள் செருகி, மேலே பெரிய நெப்பியைக் கட்டுங்கள். படங்கூடக் கீறியிருந்தேன். அந்தத் தாளில் எனக்கு அத்தனை நம்பிக்கை இருந்தது. தாய் அதை என் முன்னாலேயே வாசித்தாள், ஒவ்வொரு வரியாக, உதடு அசைய. விளங்குதா என்று கேட்டேன்.

"ஓம் டொக்டர். தண்ணி படக்கூடா. அதானே" என்றாள்.

நோன்பு வந்தது. நோன்பு காலத்தில் எங்கள் ஊர்களில் பகல் ஒரு மாதிரி மிதந்து போகும். பஸார் மத்தியானம்வரை கண் திறக்காது. பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகுதான் கஞ்சி மணத்தோடு தெரு எழும்பும். வாட்டிலும் கூட்டமில்லை. நான் நோன்போடு கிளினிக் முடித்து, பதிவேட்டில் என் முதல் இடுப்பைப் பற்றி எழுதியதை மறுபடி மறுபடி எடுத்து வாசித்தபடி இருப்பேன். பயிற்சிக்காரர் ஒவ்வொரு சத்திரசிகிச்சையையும் அதில் பதிய வேண்டும். ஆசிரியர் பார்த்து ஒப்பமிடுவார். அந்தப் பக்கத்தில் பிழை ஒன்றும் இருக்கவில்லை.

நோன்பு முடிவதற்கு மூன்று நாள் இருக்கையில் தாய் வந்தாள். முறைப்படி அவள் வரவேண்டிய நாள் அதுவல்ல. பின்னால் அவளுடைய கணவன். மோட்டார் சைக்கிளில் மீன்பெட்டி கட்டி, உள்நாட்டு ஊர்களுக்குச் சாகாமம்வரை கொண்டுபோய் விற்பவர். பிள்ளையைக் கட்டிலில் கிடத்தினார்கள். நெப்பியை அகற்றிப் பார்த்தேன். இடது தொடையடியில், திறப்பைச் சுற்றி, பிளாஸ்டர் ஊறிப் புட்டுமா மாதிரி உதிர்ந்தது. உள்ளே வைத்த பஞ்சு வெளியே தெரிந்தது. தொடை, இருக்க வேண்டிய விரிவில் இல்லை. உள்பக்கமாக வந்திருந்தது.

எக்ஸ்ரே படம் எடுக்க அனுப்பினேன். வந்ததும் வெளிச்சப் பெட்டியில் மாட்டினேன். பந்து வெளியே இருந்தது. முன்பு இருந்த அதே இடத்தில், நாங்கள் அதைத் தொட்டதே இல்லை என்பது போல.

எனக்குக் கோபம் வந்தால் குரல் தாழும். "தண்ணி பட்டிருக்கி" என்றேன். "என்ன நடந்த?"

அவள் கணவன் தரையைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள்.

"கழுவினன்."

"நனைக்க வேணாம் எண்டு எழுதித் தந்தன்தானே."

"ஓம், தெரியும். கொஞ்சந்தான் ஊத்தினன். மூணு தரம் மட்டும் ஊத்திப்போட்டு, ஃபேனுக்குக் கீழ காய வெச்சன். ஒவ்வொரு நாளும்."

"ஏன்?"

பிள்ளையின் சட்டையை இழுத்துவிட்டாள். பிறகு சொன்னாள், மெதுவாக, எனக்கு இது தெரியாமல் போயிற்றே என்று ஆச்சரியப்படுபவள் போல.

"மூத்திரம் ஊறி நஜீஸாக் கெடக்கு டொக்டர். புள்ள என்ன விட்டு எறங்கிதே இல்ல. என்ட உடுப்பிலயும் படுது. அதோட எப்பிடித் தொழுற? முத மூணு கிழம தொழாமத்தான் இருந்தன். மறுகா நோன்பிட கடைசிப் பத்து நாள் வந்திட்டு, கேட்டது கெடைக்கிற ராவுகள். இவரு பள்ளிக்குப் போயிருவாரு. கூடப்பொறந்த ராத்தாமாரும் தொழுகையில நிப்பாங்க. அந்த நேரத்தில புள்ளயப் புடிக்க ஒருத்தரும் இல்ல. இடுப்பில வெச்சிட்டுத்தான் தொழணும். கடைசிப் பத்தில கேக்காம வேற எப்ப கேக்கிற? இந்தக் காலுக்காகத்தானே கேக்கணும். கேக்கிறத்துக்குத்தான் கழுவினன்."

வெளிச்சப் பெட்டியை அணைத்தேன். 

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேறு எந்த டொக்டருக்கும் தெரியாமல் போகலாம், என் ஆசிரியருக்குத் தெரியாமல் போகலாம், குளிர்நாட்டுத் தாதிக்குத் தெரியாமல் போகலாம். அவளாவது கேட்டாள். நான் இந்தத் தெருக்களில் வளர்ந்தவள். சிறுநீர் பட்ட உடுப்போடு தொழ முடியாது என்று ஏழு வயதில் குர்ஆன் ஓதும் பள்ளியில் படித்தவள். நஜீஸ், அதாவது அசுத்தம், பட்டால் மூன்று தரம் கழுவ வேண்டும் என்று சொல்லிக்கொடுக்காமலே தெரிந்தவள். என் பன்னிரண்டு வரியில் விரல் நுனியின் நிறம் இருந்தது, குச்சி இருந்தது, படம் இருந்தது. ஒரு தாய் ஒரு நாளைக்கு ஐந்து தரம் என்ன செய்வாள் என்பது இல்லை. அன்று எனக்கு என்மேல் வந்த ஆத்திரம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

இரண்டாம் முறை சத்திரசிகிச்சை செய்யத்தான் வேண்டும். ஆனால் இரண்டாம் முறை என்பது முதல் முறை போலில்லை. தழும்பு கட்டியிருக்கும். அதைவிட, எலும்பின் தலைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாளங்கள் நூல் போன்றவை. ஒருதரம் தொந்தரவுபட்டவை, மறுதரம் அறுந்தால் தலை செத்துச் சுருங்கும். குழிக்குள் இருந்தும் பயனில்லை. இதை நான் தாய்க்கும் தகப்பனுக்கும் மறைக்காமல் சொன்னேன். தாய் அழவில்லை. "என்னாலயா டொக்டர்?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்ல தங்கச்சி. என்னால" என்றேன்.

அவள் நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தாள்.

பெருநாள் கழித்து ஆசிரியர் வந்தார். சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் என் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். மறுபடி நழுவியதற்கான காரணம் என்ற இடத்தில், அந்த எக்ஸ்ரே வந்த உடனே, காரணம் கேட்குமுன் வந்த கோபத்தில், "பெற்றோர் அறிவுறுத்தலைப் பின்பற்றவில்லை" என்று எழுதி வைத்திருந்தேன். எல்லாப் பதிவேடுகளிலும் எல்லோரும் எழுதும் வசனம் அது. அவர் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. நானாகவே பேனையை எடுத்து அதை வெட்டினேன். தொழுகை பற்றிச் சொன்னேன், கடைசிப் பத்து பற்றிச் சொன்னேன். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல எனக்கு நெடுநேரம் பிடித்தது. வெட்டிய இடத்தில், "தாய்க்குத் தேவையான அறிவுறுத்தலை நான் கொடுக்கவில்லை" என்று எழுதினேன். அவர் அதை இரண்டு தரம் வாசித்தார். "இதை அடுத்த கூட்டத்தில் சொல்வீர்களா?" என்று கேட்டார். பயிற்சிக்காரர் தங்கள் பிழைகளை எல்லோர் முன்னாலும் வைக்கும் கூட்டம் அது.  சொல்வேன் என்றேன்.

இரண்டாம் சத்திரசிகிச்சை முதல் தடவையைப் போலக் கனவாக இருக்கவில்லை. ஒவ்வொரு நிமிஷமும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. தழும்புக்குள் விரலால் வழி தேடித் தேடிப் போனேன். நூல் போன்ற நாளங்கள் எங்கே ஓடும் என்று தெரிந்த பக்கத்துக்குக் கத்தியைக் கொண்டுபோகவே இல்லை. பந்து மறுபடி உள்ளே போனது. ஆசிரியர் இம்முறை தலையாட்டவில்லை. முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு நின்றார், முன்பைவிட அதிக நேரம்.

அதற்குப் பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். தாளைக் கொடுக்கவில்லை. தாயையும் தகப்பனையும் கூட்டிக்கொண்டு வாட்டின் மூலையில் உட்கார்ந்தேன். ஊரில் எல்லோரும் மதிக்கும் ஒரு மௌலவியிடம் ஏற்கெனவே ரெலிபோனில் கேட்டு வைத்திருந்தேன். கட்டைக் கழற்றவும் ஏலாது, கழுவவும் ஏலாது என்றால் என்ன செய்வது? தொழும் நேரத்தில் பிள்ளையை வேறொருவர் வைத்துக்கொண்டால் சரி, தாய் உடுப்பை மாற்றிவிட்டுத் தொழலாம் என்றார். யாரும் இல்லாமல் போனால் அல்லாஹ் அறிவான், கட்டின்மேல் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றார். அதைத் தாய்க்குச் சொன்னேன். பிறகு தகப்பனிடம் திரும்பினேன்.

"அஞ்சு நேரமும் நீங்க வீட்டில நிக்கேலுமா? பள்ளிக்குப் போகாம, இவ தொழுது முடிக்கிறவரைக்கும் புள்ளயப் புடிச்சிட்டு, மறுகா நீங்க தனியத் தொழுறது."

அவர் சின்ன வயதிலிருந்தே பள்ளியில் கூடித் தொழும் ஜமாஅத்தைத் தவறவிடாதவர் என்று பிறகுதான் அறிந்தேன். தொப்பியைக் கழற்றி மடித்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

"எத்தின நாளைக்கு?"

"பன்னிரண்டு கிழம."

"சரி" என்றார்.

அந்தப் பன்னிரண்டு கிழமையும் அவர் தூர ஊர்களுக்கு மீன் கொண்டுபோகவில்லை. தொழுகைக்கு அழைக்கும் வாங்குக்கு முன் வீட்டுக்கு வந்து சேரக்கூடிய தூரத்துக்குள்ளேயே விற்றார். பள்ளியில் ஆட்கள் விசாரித்தபோது, "வீட்டில ஒரு கால் புடிக்கணும்" என்று மட்டும் சொன்னாராம். அதைச் சொன்னது தாய்தான், நடுவில் பிளாஸ்டர் மாற்ற வந்த நாளில். சொல்லும்போது முதல்முறையாக அவள் முகத்தில் சிரிப்பு பார்த்தேன்.

நான் அந்த நாட்களில் எங்கே இருந்தேன் என்று கேட்டால் சரியாகச் சொல்ல முடியாது. உடம்பு கிளினிக்கில் இருந்தது. கூட்டத்தில் எழும்பி நின்று என் பிழையைச் சொன்னேன், சிலர் குறித்துக்கொண்டார்கள், ஒருவர் கொட்டாவி விட்டார். வயல்களில் மறுபடி தண்ணீர் கட்டியிருந்தார்கள். வேலைக்குப் போகும் வழியில் வானம் முழுக்கக் கீழே கிடந்தது. மனது மட்டும் எப்போதும் ஒரு வெற்றிடத்தைப் பார்த்தபடி இருந்தது. உள்ளே பந்து இருக்கிறதா, இல்லையா.

பிளாஸ்டர் வெட்டும் நாள் வந்தது. ஜன்னல் இல்லாத சின்ன அறை, இரண்டு விளக்கு, மூலையில் ஒரு தண்ணீர்த்தொட்டி. பிளாஸ்டர் அறைத் தாதி கரையோரத் தமிழ் ஊர்க்காரி, இந்துப் பெண், என்னைவிட மூத்தவர். அவர் பிள்ளையின் காதைப் பொத்திக்கொண்டு பாட்டுப் பாட, நான் வெட்டும் மெஷினை ஓட்டினேன். கட்டு இரண்டாகப் பிளந்து, சிப்பி மாதிரித் திறந்தது. மணம் மூக்கைத் துளைத்தது. உள்ளே பிள்ளையின் தோல் மங்கி, செதில் செதிலாக, சின்னஞ்சிறு கால்கள் மெலிந்து கிடந்தன. எக்ஸ்ரே எடுத்துவரப் போனார்கள். வந்த படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினேன்.

பந்து குழிக்குள் இருந்தது.

இரத்தம் போகிறதா, தலை வளருமா என்பது தெரிய இன்னும் ஒரு வருஷமாவது ஆகும். ஆனால் அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அதைத் தாய்க்குச் சொல்லத் திரும்பினேன். அவள் படத்தைப் பார்க்கவில்லை, பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இரிக்கி தங்கச்சி. இடத்தில இரிக்கி."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். பிறகு, "இப்ப கழுவலாமா டொக்டர்?"

"ஓம். இப்ப கழுவலாம்."

தாதி தொட்டியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் நிரப்பினார். தாய் மகளைக் கையில் ஏந்தி, கால்களை அசைக்காமல், கோப்பையால் தண்ணீர் அள்ளி ஊற்றினாள். ஒன்று என்றாள். மறுபடி அள்ளினாள். இரண்டு. மூன்றாவதைக் கோப்பை நிறைய அள்ளி மெல்ல ஊற்றினாள். தானும் தொழுகைக்காக முகம் கை கால் கழுவி வுழு எடுத்துக்கொண்டாள். பையிலிருந்து தொழும்போது விரிக்கும் முசல்லா ஒன்றை எடுத்தாள். கொண்டு வந்திருக்கிறாள். மத்தியான லுஹர் தொழுகைக்கு வாங்கு சொல்லி அரை மணித்தியாலம் இருக்கும்.

"டொக்டர், கிப்லா எந்தப் பக்கம்?"

நான் திரும்பிப் பார்த்தேன். கட்டில், அலமாரி, தொட்டி, விளக்கு. கிட்டத்தட்ட ஒரு வருஷமாக நான் வேலை செய்யும் அறை. எந்தக் கதவால் உள்ளே வந்தோம், கடல் எந்தப் பக்கம், பின்புறம் எது, ஒன்றும் எனக்கு வரவில்லை. ஊரில் எந்தச் சின்னப் பிள்ளையும் கடலுக்கு முதுகைக் காட்டி, மக்கா இருக்கும் மேற்கே திரும்பி நின்றுவிடும். நான் கையில் பிளாஸ்டர் தூளோடு நின்றேன். "தெரியா" என்றேன்.

"அந்த எக்ஸ்ரே பெட்டி இருக்கிற சுவர்ப் பக்கம் தங்கச்சி, கொஞ்சம் வலப்பக்கமாச் சரிச்சுப் போடுங்க" என்றார் தாதி, தரையைத் துடைத்தபடியே. "அம்மாமார் எல்லாரும் என்னட்டத்தான் கேக்கிறவங்க."

தாய் முசல்லாவை விரித்தாள். பிள்ளையைத் துவாயில் சுற்றி, தன் முன்னால், நெற்றி படும் இடத்துக்குச் சற்று அப்பால், கால்கள் தன் பக்கம் இருக்கக் கிடத்தினாள். கால்கள் நாங்கள் கட்டி வைத்த நிலையிலேயே, அகல விரிந்து மடிந்து கிடந்தன. அவை மூட இன்னும் சில நாள் ஆகும். பிள்ளை விளக்கைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. அவள் கையை உயர்த்திக் கட்டினாள்.

நான் தொட்டிக்குப் போனேன். விரலிடுக்கில், நகத்துக்கடியில், முழங்கைவரை காய்ந்திருந்த பிளாஸ்டரைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். அது இலேசில் போகவில்லை. போனபிறகு வுழு எடுத்து, வந்து அவளுக்குப் பக்கத்தில், வெறுந்தரையில் நின்றேன். அவள் குனிந்து, நெற்றியை மகளின் இரண்டு பாதங்களுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் வைத்தாள். அங்கே வெகுநேரம் இருந்தாள். அவள் எதைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். அந்த எலும்புக்கு என் கையால் செய்ய இனி ஒன்றும் இருக்கவில்லை, அதனால் நானும் கேட்டேன்.